மே 18க்குப் பின்: செயிண்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடிப்பும் டூட்டில் ஆற்றின் வண்டல் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

1980 மே 18 அன்று நிகழ்ந்த செயிண்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடிப்பு, பொது வரலாற்று நூல்களில் ஒருநாள் நிகழ்வாகவே இடம்பெறுகிறது. அம்மலையின் வடபுறத்து நீரைச் சுமந்து செல்லும் டூட்டில் ஆற்றின் வண்டல் பதிவுகளோ, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நிகழ்வு முற்றுப்பெறவில்லை எனக் காட்டுகின்றன. மலைச்சாய்வுகள் விரைவில் தணிந்தமைக்கும் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி தணியாமைக்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பிலிப்பைன்ஸின் பினட்டூபோ மலை ஆறுகளோடு அதனை ஒப்பிட்டு, பேரிடர் ஒன்றின் கால எல்லையை வரலாற்றாய்வு எங்ஙனம் வரையறுப்பது என்னும் வினாவை எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: எரிமலை வெடிப்பு, வண்டல், சேற்றுப்பாய்வு, ஆற்றுவழி மாற்றம், டூட்டில் ஆறு, பினட்டூபோ, பேரிடர் வரலாறு.

முன்னுரை

போருக்குத் தொடக்கநாளும் முடிவுநாளும் உண்டு. பஞ்சத்திற்கு, மாதக்கணக்கில் பிழைபடினும், ஆண்டுக்கணக்கில் ஓர் எல்லை சொல்லிவிடலாம். எரிமலை வெடிப்பிற்கு மட்டும் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு நாளைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள செயிண்ட் ஹெலன்ஸ் எரிமலைக்கு 1980 மே 18 ஞாயிற்றுக்கிழமை, காலை 8.32 மணி என நிமிடம் வரை குறிக்கப்பட்டுள்ளது. அன்று மாண்டோர் 57 பேர். 2,950 மீட்டர் உயரமிருந்த மலை ஏறத்தாழ 400 மீட்டர் குறைந்தது. பாடநூல்கள் கூறும் கதை இவ்வளவில் நின்றுவிடுகிறது.

ஆறுகளின் கதை அன்றுதான் தொடங்கிற்று. வெடிப்பினால் பள்ளத்தாக்கில் குவிந்த பாறையும் மணலும் சாம்பலும் எவ்வளவு காலத்தில், எவ்வழியில், யாருடைய ஊர்களைக் கடந்து கீழிறங்கும் என்பது 1980இல் எவருக்கும் விடை தெரியாத வினாவாக இருந்தது. அவ்வினாவிற்கு அன்று ஊகமாகச் சொல்லப்பட்ட விடைகளை நம்பி அணைகளும் கரைகளும் கட்டப்பட்டன. அவ்விடைகள் எங்கே பொருந்தின, எங்கே பிழைத்தன என்பதை அளவீடுகளின் துணைகொண்டு பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதையுண்ட பள்ளத்தாக்கு

மே 18 காலை ஏற்பட்ட நிலநடுக்கத்தில் மலையின் வடபுறம் மொத்தமாகச் சரிந்தது. சரிந்த பொருளின் கனஅளவு ஏறத்தாழ 2.5 கன கிலோமீட்டர். எழுதப்பட்ட வரலாற்றுக் காலத்தில் நிலத்தின்மீது நிகழ்ந்த மிகப்பெரிய சரிவுகளுள் ஒன்று இது. அச்சரிவு டூட்டில் ஆற்றின் வடகிளைப் பள்ளத்தாக்கில் 20 கிலோமீட்டருக்கும் மேலாகப் பாய்ந்து, சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியது. படிவின் சராசரித் தடிமன் 45 மீட்டர். ஆற்றின் மேற்பகுதி அடைபட்டதோடு நில்லாமல், ஆறு என்று சொல்லத்தக்க ஒன்றே அங்கு இல்லாமற்போயிற்று. மேடும் குழியுமாகக் கிடந்த அப்பரப்பில் நீர் எப்பக்கம் ஓடவேண்டும் என்பதற்கு எவ்விதத் தடமும் இல்லை.

அன்று பிற்பகல் அக்குவியலிலிருந்தே மற்றொரு கேடு புறப்பட்டது. சரிவுக்குள் சிக்கியிருந்த நிலத்தடி நீரும் உருகிய பனிக்கட்டியும் கசிந்து சேர, குவியலின் நீர் ஊறிய பகுதிகள் இளகிச் சேறாக ஓடின. இத்தகைய சேற்றுப்பாய்வை ‘லகார்’ என்று குறிப்பர். சாவக மொழிச் சொல் ஒன்று உலக நிலவியலின் பொதுச்சொல்லானதற்குக் காரணம், அத்தீவு இவ்வகைக் கேட்டை நெடுங்காலமாக அறிந்திருந்தமையே. வடகிளையின் சேற்றுப்பாய்வு டூட்டில் ஆற்றைக் கடந்து கௌலிட்ஸ் ஆற்றில் புகுந்து கொலம்பியா ஆறு வரை சென்றது. 12 மீட்டர் ஆழமிருந்த கொலம்பியாவின் கப்பல் வழி, சேறு படிந்த பகுதியில் நான்கு மீட்டரளவிற்குக் குறைந்தது. மேல்நிலைத் துறைமுகங்களில் நின்ற கப்பல்கள் வெளியேற வழியின்றிச் சிக்கின. அன்றைய சேற்றுப்பாய்வுகளால் அழிந்த பாலங்கள் 27. வீடுகள் சுமார் 200.

இது முன்னறியப்படாத ஒன்றன்று. 1978இலேயே கிராண்டெல், முல்லினோ என்னும் இரு நிலவியலாளர்கள், இம்மலை அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே வெடிக்கக்கூடும் என எழுதியிருந்தனர். பள்ளத்தாக்குகளில் சேறும் வெள்ளமும் வரும் என்பதும் அவ்வறிக்கையில் உண்டு. எனினும் வெடிப்பு நாளின் சேறு ஒன்று, அதன்பின் ஆண்டுதோறும் வரும் வண்டல் வேறொன்று என்னும் வேறுபாடு பொதுமக்களுக்கும் ஆட்சியாளருக்கும் 1980இன் மழைக்காலத்தில்தான் உறைத்தது.

ஆறு தன் வழியைத் தேடியமை

சரிவுக் குவியலின் குழிகளில் மழைநீர் தேங்கிச் சிறு குட்டைகளாயிற்று. குட்டை நிறைந்து வழியும். வழிந்த நீர் அடுத்த குழியை நிறைக்கும். சிலவிடத்துக் கரை உடைந்து குட்டை முழுதும் ஒரே மூச்சில் இறங்கும். இவ்வாறு நிறைந்தும் வழிந்தும் உடைந்தும், துண்டுதுண்டாக இருந்த ஓடைகள் ஒன்றோடொன்று இணைந்து, சில ஆண்டுகளில் தொடர்ச்சியான ஆற்றுவலை ஒன்று உருவாயிற்று. ஓர் ஆறு பிறப்பதை முதல்நாளிலிருந்தே அருகிருந்து அளக்கும் வாய்ப்பு நீரியலாளர்களுக்கு மிக அரிதாகவே கிட்டுவது.

1982 மார்ச் 19 அன்று நிகழ்ந்த சிறிய வெடிப்பு, எரிவாயிலிருந்த பனியை உருக்கி மீண்டும் ஒரு சேற்றுப்பாய்வை அனுப்பியது. அப்பாய்வு புதிய வழியை மேலும் ஆழமாக அறுத்தது. இங்ஙனம் ஆழ்ந்தும் அகன்றும் சென்ற வழி, சிலவிடங்களில் பல பத்து மீட்டர் ஆழமும் பல நூறு மீட்டர் அகலமும் கொண்டதாயிற்று.

இவ்வழி மாற்றத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஆறு கீழ்நோக்கி அறுக்கிறது. கரைகள் செங்குத்தாக உயர்ந்ததும் தம் எடையைத் தாங்காமல் சரிகின்றன, வழி அகல்கிறது. சரிந்த பொருள் படுகையை உயர்த்துகிறது. உயர்ந்த படுகையில் நீர் பல கிளைகளாகப் பிரிந்து பின்னியும் விலகியும் ஓடுகிறது. அக்கிளைகள் மாறிமாறிக் கரையடியை அரிக்கக் கரை மீண்டும் சரிகிறது. ஆண்ட்ரூ சைமன் 1999இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, டூட்டில் ஆற்றமைப்பு முழுவதற்கும் இம்மாற்றத்தைப் பகுதி பகுதியாக வரைந்து காட்டியது. இங்குக் கருத வேண்டியது, வண்டலின் ஊற்று எங்குள்ளது என்பதே. தொடக்கத்தில் அது படுகையின் அடியில் இருந்தது. பின்னர் அது கரைகளுக்கு மாறிற்று. உயர்ந்த கரை எளிதில் தீர்ந்துபோவதன்று.

மலைச்சாய்வின் கணக்கும் பள்ளத்தாக்கின் கணக்கும்

1980இல் பலரும் அஞ்சியது மலைச்சாய்வுகளைப் பற்றியே. காடு முழுவதும் வீழ்ந்து, சாம்பல் போர்த்துக் கிடந்த சாய்வுகளிலிருந்து மழைநீர் சாம்பலை வாரிக்கொண்டு வரும் என்ற அச்சம் இயல்பானது. அதனால் வான்வழியே புல்விதை தூவப்பட்டது.

காலின்ஸ், டன் ஆகியோர் 1986இல் வெளியிட்ட அளவீடுகள் இவ்வச்சத்திற்கு வேறொரு விடை தந்தன. சாம்பல் அடுக்கின் மேற்புறம் நுண்துகளால் ஆனது. மழைபட்டு அது இறுகிவிட்டால் நீர் உட்புகாது. உட்புகாத நீர் மேற்பரப்பில் ஓடிச் சிறு சிறு கால்களை அறுத்தது. அக்கால்கள் நுண்துகள் அடுக்கைக் கடந்து, அதனடியிலிருந்த பருமணலையும் பழைய மண்ணையும் எட்டியதும் நீர் நிலத்துள் இறங்கத் தொடங்கிற்று. மேலோட்டம் குறைந்தது, கால்கள் நிலைபெற்றன, அரிப்பு தணிந்தது. செடிகொடிகள் திரும்பியது அதற்குப் பிறகுதான். தூவிய புல் வேரூன்றி மண்ணைக் காத்தது என்று அந்நாளில் யாரேனும் மகிழ்ந்திருந்தால், அம்மகிழ்ச்சி புல்லுக்குரியதன்று. மழைநீர் அறுத்த அச்சிறு கால்களுக்கே உரியது.

இதன் மறுபக்கத்தை மேஜர், பியர்சன், டைன்ஹார்ட், கோஸ்டா ஆகியோர் 2000இல் எழுதிய கட்டுரை வெளிக்கொணர்ந்தது. வெடிப்பிற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளின் நீரளவு நிலையப் பதிவுகளை அவர்கள் ஆற்றுவாரியாகப் பிரித்தனர். முக்கியமாகச் சாய்வுகளில் மட்டுமே பாதிப்புற்ற கிரீன் ஆற்றில், நீரில் மிதந்து செல்லும் வண்டலின் ஆண்டளவு சுமார் ஐந்தாண்டுகளில் அப்பகுதி ஆறுகளின் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட்டது. பள்ளத்தாக்கு புதையுண்ட வடகிளையில் நிலைமை வேறு. தொடக்க ஆண்டுகளில் வழக்கமான அளவைப்போல் 500 மடங்கு வரை உயர்ந்த வண்டல், பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிவந்தும், இருபதாம் ஆண்டில்கூட 100 மடங்கு வரை மிகுந்தே இருந்தது.

இரண்டு ஆறுகளும் ஒரே வெடிப்பிற்கு உள்ளானவை. ஒரே மழையைப் பெறுபவை. கிரீன் ஆறு வடகிளையிலேயே சென்று கலக்கிறது. ஆகவே வேறுபாட்டிற்குக் காரணம் வெடிப்பின் வன்மையோ வானிலையோ அன்று. தளர்ந்த பொருள் நிலத்தில் எங்கே கிடக்கிறது என்பதே. சாய்வில் கிடப்பது நீர் எட்டாத நிலைக்கு விரைவில் வந்துவிடுகிறது. பள்ளத்தாக்கின் அடியில் கிடப்பதை ஆறு ஒவ்வொரு வெள்ளத்திலும் புதிதாகத் தொடுகிறது.

மேலும், இறங்குமுகம் என்பது சீரான இறக்கமும் அன்று. மழை குறைந்த ஆண்டுகளில் வண்டல் தணிந்து, 1996 பிப்ரவரி வெள்ளம் போன்ற பெருநீர் வந்தபோது மீண்டும் உயர்ந்தது. தணிந்துவிட்டது என்ற தீர்ப்பு, ஆற்றின் நிலையைக் காட்டிலும் அவ்வாண்டுகளின் வறட்சியையே பெரிதும் சார்ந்திருக்கக்கூடும். குறுகிய காலப் பதிவுகளைக் கொண்டு நீண்டகால முடிவுரைப்போர், அவர் நீரியலாளராயினும் வரலாற்றாசிரியராயினும், இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கில்பர்ட் விட்டுச்சென்ற அலை

வண்டல் தணியும் விதம் குறித்த எதிர்பார்ப்பு 1980இல் புதிதாகப் பிறந்ததன்று. அதற்கு ஒரு மூதாதை உண்டு. கலிஃபோர்னியாவில் பொன் தேடியோர் நீரைப் பீய்ச்சி மலைகளைக் கரைத்ததால் ஆறுகளில் சேர்ந்த கழிவை ஆராய்ந்த கில்பர்ட், 1917இல் வெளியிட்ட நூலில், வண்டல் ஓர் அலைபோல் கீழிறங்கும் என்ற கருத்தை முன்வைத்தார். படுகை உயரும், உச்சியை எட்டும், பின் தாழ்ந்து பழைய மட்டத்தை அடையும். வெள்ளம் வந்து வடிவதை ஒத்த இக்கருத்து தெளிவானது, கணக்கிட எளிதானது. ஆதலால் நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கிற்று.

கில்பர்ட் ஆராய்ந்த அதே ஆறுகளைப் பின்னர் மீளாய்வு செய்த ஆலன் ஜேம்ஸ், அலையின் முற்பக்கமும் பிற்பக்கமும் ஒத்தவையல்ல என்றார். ஆற்றின் நடுப்படுகை பழைய மட்டத்திற்குத் தாழ்ந்த பின்னும், கரையோரங்களில் தங்கிய பெருந்தொகைக் கழிவு நூறாண்டு கடந்தும் சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டிருந்தது. படுகையின் மட்டம் வேறு, வண்டலின் வரத்து வேறு. மட்டம் பழைய நிலைக்கு மீண்டதைக் கண்டு வரத்தும் மீண்டுவிட்டதாகக் கொள்வது பிழை. டூட்டில் வடகிளையின் உயர்ந்த கரைகளை நோக்க, ஜேம்ஸின் திருத்தமே இங்கும் பொருந்துகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பினட்டூபோ: இடம் மாறிய கேடு

டூட்டிலின் வரலாறு காலத்தைப் பற்றியது என்றால், பினட்டூபோவின் வரலாறு இடத்தைப் பற்றியது. 1991 ஜூன் 15 அன்று லூசோன் தீவில் நிகழ்ந்த அவ்வெடிப்பில், எரிவாயுவும் சாம்பலும் கற்களும் கலந்த தழற்பாய்வுகள் 5 முதல் 6 கன கிலோமீட்டர் வரையிலான தளர்ந்த பொருளை மலையைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் நிரப்பின. அன்றைய தினமே யூன்யா புயலும் கடந்துசென்றது. ஆண்டுதோறும் பருவமழையும் புயலும் காணும் நிலம் அது. ஆகவே ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு புதிய சேற்றுக்காலமாயிற்று.

மலையின் கிழக்கே சக்கோபியா ஆறும் பாசிக்-பொத்ரேரோ ஆறும் அருகருகே தோன்றுபவை. உள்ளே கனன்றுகொண்டிருந்த படிவில் நீர் புகுந்து ஏற்பட்ட பின்வெடிப்புகள் நீர்பிரி மேட்டைச் சிதைத்தன. 1993 அக்டோபரில் சக்கோபியாவின் மேற்பகுதி நீரைப் பாசிக்-பொத்ரேரோ கவர்ந்துகொண்டது. அதுவரை சக்கோபியாக் கரையூர்களைத் தாக்கிய சேறு, அதன்பின் பம்பாங்கா மாகாணத்தின் பக்கோலோர் நகரை நோக்கித் திரும்பிற்று. 1995 அக்டோபர் 1 அன்று பக்கோலோரின் கபலாந்தியான் பகுதி சேற்றில் புதைந்து பலர் மாண்டனர். வெடிப்பு நிகழ்ந்து அப்போது நான்கு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. வெடிப்பு நாளின் கேட்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாதுகாப்பான இடம் தேடியவருக்கு அவ்வரைபடம் பயன்பட்டிராது. ஏனெனில் வரைபடத்தின் ஆறே மாறிவிட்டது.

பக்கோலோரின் புனித கில்லெர்மோ தேவாலயம் சுமார் ஆறு மீட்டர் உயரத்திற்குப் புதைந்தது. மக்கள் அதனைக் கைவிடவில்லை. பழைய சாளரங்கள் வாயில்களாயின. பலிபீடத்தின் வேலைப்பாட்டுச் சுவரை அகழ்ந்தெடுத்து மேலே நிறுவினர். தமிழ் வாசகருக்கு இந்நகரோடு எதிர்பாராத ஒரு தொடர்பும் உண்டு. 1762இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை மணிலாவைக் கைப்பற்றியபோது, ஸ்பானிய ஆட்சி தன் தலைமையிடத்தை மாற்றிக்கொண்ட ஊர் பக்கோலோரே.

கரன் கிரான், டேவிட் மாண்ட்கோமரி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஒப்பாய்வு, பினட்டூபோவின் ஆறுகள் ஒரே வேகத்தில் தேறவில்லை என்பதை நிறுவியது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் எவ்வளவு பங்கு தழற்பாய்வுப் படிவால் மூடப்பட்டது என்பதே முதன்மைக் காரணி. தேறும் ஆறு முதலில் தன் படுகையின் நுண்மணலைக் கழுவி, பருங்கற்களை மேற்பரப்பில் எஞ்சவிடுகிறது. நீர் குறைந்த வறள்பருவத்தில் இது முன்னரே தொடங்கிவிடும். மழைக்காலத்தில் மேலிருந்து புதுவண்டல் வந்ததும் அக்கல்தளம் மறைந்துவிடும். ஓராண்டிற்குள்ளேயே தேறியும் சீர்குலைந்தும் நிற்கும் ஆற்றை எந்த மாதத்தில் பார்த்தோம் என்பதைக் குறிக்காமல் அதன் நிலையைப் பேசுதல் இயலாது.

அணையும் சுரங்கவழியும்

டூட்டிலுக்குத் திரும்புவோம். 1980இலேயே பொறியாளர் படைப்பிரிவு வடகிளையில் ஒரு வண்டல் தடுப்பணையை விரைந்து கட்டியது. சில மாதங்களில் வண்டல் நிரம்பிய அது, வெள்ளங்களால் உடைபட்டுப் பயனற்றுப்போயிற்று. கீழ்நிலையில் காசில் ராக், லெக்சிங்டன், கெல்சோ, லாங்வியூ ஆகிய நான்கு ஊர்கள் கௌலிட்ஸ் கரையில் உள்ளன. ஆற்றுப்படுகை உயர உயர, பழைய அளவு வெள்ளமே அவ்வூர்களுக்குப் புதிய ஆபத்தாகும்.

இதனினும் பெரிய அச்சம் ஸ்பிரிட் ஏரி. சரிவுக் குவியல் ஏரியின் வடிகாலை அடைத்து, நீர்மட்டத்தைச் சுமார் 60 மீட்டர் உயர்த்திவிட்டது. வழியற்ற ஏரி நிறைந்து தளர்ந்த குவியலின் மீது வழிந்தால் மொத்தமும் உடைந்து இறங்கும். இது வெறும் கணிப்பன்று. கெவின் ஸ்காட் 1988இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் பழைய ஸ்பிரிட் ஏரி உடைந்து அத்தகைய பெருஞ்சேறு இப்பள்ளத்தாக்கில் இறங்கியதைப் படிவுகளிலிருந்து காட்டியது. 1982 நவம்பர் முதல் ஏரி நீர் இறைத்து வெளியேற்றப்பட்டது, 1985இல் 2.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழி பாறையைக் குடைந்து முடிக்கப்பட்டது.

எரிமலை ஏரிக்குச் சுரங்கவழி என்பதற்கு முன்மாதிரி சாவகத்தில் உண்டு. 1919இல் கெலுட் எரிமலையின் ஏரி வெளியேறிச் சுமார் 5,000 பேர் மாண்டபின், டச்சு ஆட்சி அங்குச் சுரங்கவழிகளை அமைத்தது. 1951 வெடிப்பு எரிவாயை ஆழமாக்கவே அவ்வழிகள் பயனிழந்தன. 1966இல் மீண்டும் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்பிரிட் ஏரிச் சுரங்கவழியும் பாறை அழுத்தத்தால் நெளிந்து, 1990களிலும் 2016இலும் மூடிப் பழுதுபார்க்கப்பட்டது. ஏரி நிலையாக நிற்பதுபோல் தோன்றுவது அச்சுரங்கவழியின் பராமரிப்பால்தான். நீர்வாயிலைப் புதுப்பிக்க எரிமலைச் சமவெளியின் குறுக்கே பாதை அமைக்கும் திட்டத்தை, வெடிப்பு முதல் அங்குத் தொடர்ந்துவரும் ஆய்வுக் களங்கள் சிதையும் எனச் சூழலியலாளர் பலர் எதிர்த்தனர். கீழ்நிலை மக்களின் பாதுகாப்பும் நாற்பதாண்டு அளவீட்டுத் தொடரும் இங்கு நேருக்குநேர் நிற்கின்றன. முன்னதற்கே முதலிடம் என்பதில் ஐயமில்லை. எனினும் அத்தகைய தொடர்ந்த அளவீடுகளே மேற்சொன்ன முடிவுகள் அனைத்திற்கும் அடிப்படை என்பதையும் மறப்பதற்கில்லை.

வண்டலைத் தடுக்கும் பெரிய அணை 1989இல் நிறைவெய்தியது. நான்கு ஊர்களுக்கும் 2035 வரை வெள்ளக்காப்பு அளிப்பது திட்டத்தின் இலக்கு. 1998 அளவிலேயே வண்டல் கலிங்கு மட்டத்தை எட்டி, ஆறு முழுவதும் அதன் வழியே ஓடத் தொடங்கியதால் மணல் கீழே கடந்தது. 2012இல் கலிங்கு சுமார் இரண்டு மீட்டர் உயர்த்தப்பட்டது. 2023 மே 14 அன்று, வெடிப்பின் 43ஆம் நினைவுநாளுக்கு நான்கு நாள் முன்னர், அணைக்கு மேற்புறத்து மலைச்சாய்வொன்று சரிந்து ஜான்ஸ்டன் மேட்டு நோக்ககத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையின் பாலத்தை அடித்துச் சென்றது.

அவ்வணையை மீன்கள் தாண்ட முடியாது. அதனால் 1989 முதல், முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறிவரும் கோஹோ சால்மனையும் ஸ்டீல்ஹெட் மீனையும் அணைக்குக் கீழே பிடித்து, நீர்த்தொட்டி லாரிகளில் ஏற்றி, மேலேயுள்ள தெளிநீர்க் கிளையோடைகளில் விட்டுவருகின்றனர்.